செல்போன் தகட்டை எந்த வரிசையில் வைப்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்து ஒரு பக்கமாகச் சாயும். மறதி வேறு. காலையில் வைத்த பொருளைச் சாயங்காலம் வரை தேடுகிறேன். ஆனாலும் செல்போன் தகடு விஷயத்தை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதை முதலில் செய்யச் சொன்னது யார், எதற்கு என்று கடையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. தேங்காய், பழம், சூடம், உப்பு மிளகுப் பொட்டலம், வெள்ளித் தகடு. மகன் தறிக்குப் போகிறான். கடையை நானும் மருமகளும் பார்க்கிறோம். பார்க்கிறோம் என்றால், வாய் அவளுடையது, கை என்னுடையது. முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் எனக்குப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். எழுபது வயதாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. நான் உப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பேன். அவள் முன்னால் நின்று கூப்பிட்டு விற்பாள்.

பொட்டலத்துக்குப் பழைய பேப்பர் எடைக்கு வாங்குவோம். வெட்டுவதற்கு முன் ஒரு தாள் விடாமல் வாசித்துவிடுவேன். என் படிப்பெல்லாம் அதுதான். என் கைக்கு வரும் பேப்பர் இரண்டு மாதமாவது பழசாக இருக்கும். அதில் ஒரு வசதி உண்டு. ‘நாளை முதல் கனமழை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த மழை வரவில்லை என்பது எனக்கு முன்னமே தெரியும். இன்ன ராசிக்கு வீட்டில் சுபகாரியம் என்று இருக்கும். அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்தது மோட்டார் எரிந்தது ஒன்றுதான். முதல் பக்கத்தில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தியவர்கள், அடுத்த கட்டைப் பிரித்தால் சேர்ந்து நின்று சிரிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து வாசித்தால் சத்தமெல்லாம் வடிந்துவிடுகிறது. மிஞ்சுவதை வாசிக்க ஐந்து நிமிஷம் போதும். மருமகளின் போனில் அப்படி இல்லை. அதில் எல்லாமே இந்த நிமிஷம் நடக்கிறது. “அத்தே, இங்கன பாருங்க” என்று நீட்டுவாள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இனி தகடு விஷயம். எங்கள் கடையில் தகடுகளை ஒரு தட்டில் இரண்டு வரிசையாக அடுக்கியிருப்போம். மேல் வரிசையில் பாம்பு, தேள், பூரான், பல்லி. வீட்டில் விஷப் பூச்சி நடமாட்டம் இருந்தால் அந்த உருவை வாங்கி உண்டியலில் போடுவார்கள். இது எங்களை விட்டுப் போகட்டும் என்று அர்த்தம். கீழ் வரிசையில் கண், கை, கால், வயிறு. இது எங்களிடம் சுகமாக இருக்கட்டும் என்று அர்த்தம். போக வேண்டியது மேலே, இருக்க வேண்டியது கீழே. கண் ஆபரேஷன் முடிந்து வந்து நானே கீழ் வரிசையிலிருந்து ஒரு ஜோடிக் கண் எடுத்துப் போட்டிருக்கிறேன். இந்த இரண்டு வரிசைக்குள் அடங்காத கஷ்டம் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மூன்று வருஷம் இருக்கும். ஆடி மாதம், தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. ராயகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். நகக்கண்ணில் வயல் மண். என் மருமகளை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஆச்சி, செல்போன் தகடு இருக்கா?”

மருமகளுக்குப் பாம்புக் காது. “ஏன் மயினி, போன் தொலஞ்சு போச்சா?” என்றாள்.

“தொலஞ்சா தேவலையே. தொலைய மாட்டேங்குதுல்லா.”

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். உள்ளே கூப்பிட்டு மூட்டைமேல் உட்கார வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

போன் அவள் புருஷனுடையது. நல்ல மனுஷன்தான், குடி கிடையாது. கிணற்றில் தண்ணீர் வற்றிய வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது அந்தப் போனை வாங்கினார். அதில் ஒரு சாமியார்ப் பேச்சுக்காரர் தினமும் பேசுவாராம். எந்தத் திசையைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், எந்தக் கிழமையில் பொம்பளைகள் தலை குளிக்க வேண்டும், எந்த நேரத்தில் வீடு கூட்டக் கூடாது என்று. இவர் காலையில் அதைக் கேட்டுவிட்டு மத்தியானம் வீட்டில் சட்டமாக்கிவிடுவார்.

“வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியோட பேசக் கூடாதாம், அவ வீட்டு வாசப்படி சரியில்லையாம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கூரியர் வண்டி வந்து நிக்கி. செம்புச் சொம்பு, கல்லு வச்ச காப்பு, நாள் முச்சூடும் மந்திரம் சொல்லுத சின்னப் பெட்டி. அதெல்லாம் போட்டும் ஆச்சி. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இப்போ பிள்ளை படிப்புல கை வைக்காரு.”

ஒரே மகள். திருநெல்வேலியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தபசு முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு விட்டால் இடம் போய்விடும். ஆனால் ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, தொடங்கினால் குடும்பம் அழிந்துவிடும் என்று பேச்சுக்காரர் சொல்லிவிட்டாராம். வயசுப் பிள்ளையை வெளியூரில் விடுவது இன்னும் பெரிய பாவமாம்.

“ஆடியிலதான விதைக்கோம். அதுக்கு மட்டும் ஆடி கிடையாதா? கேட்டா, நீ என்ன படிச்சிருக்கேங்காரு.”

அம்மனுக்குத் தேள் தகடு போட்டால் தேள் போகிறது, அதுபோல இந்தப் போன் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள். “வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது ஆச்சி. தெரிஞ்சா பிள்ளையை நெசமாவே அனுப்ப மாட்டாரு” என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எங்களுக்குத் தகடு அடித்துத் தரும் அண்ணாச்சி பக்கத்துச் சந்தில் இருக்கிறார். மருமகள் போய்ச் சொன்னாள். அவர் இவளுடைய போனைக் கையில் வாங்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாராம்.

“ஏட்டி, இதுல என்ன இருக்கு? கண்ணா, மூக்கா? வெறும் பலகைல்லா. இதை அப்படியே வெட்டுனா கதவுன்னு நினைச்சுக்கிட்டு அம்மா வீட்டுக் கதவைல்லா எடுத்துருவா.”

யோசித்துவிட்டு, பழைய பட்டன் போன் மாதிரி வெட்டி, வரிசையாக எண்களைப் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்தார். பார்த்த மாத்திரத்தில் போன் என்று தெரிந்தது. ராயகிரிக்காரி கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் உண்டியலில் போட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

“ஆச்சி, அம்மா கேட்டுட்டா. ஆனா எம் போனை எடுத்துட்டா!”

அவளிடம் இருந்தது பட்டன் போன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மடியிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம். பிறகு பேசவே இல்லை. புருஷனின் போன் பத்திரமாக இருக்கிறது.

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மருமகள்தான் முதலில் சிரித்தாள். அம்மனைக் குற்றம் சொல்ல முடியுமா? தகட்டில் என்ன இருந்ததோ அதைத்தானே எடுத்திருக்கிறாள். தகட்டு அண்ணாச்சியிடம் மறுபடி போனோம். அவருக்கும் மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. இந்தத் தடவை பட்டன் இல்லாமல் வெட்டி, பின்பக்கம் மூலையில் படம் பிடிக்கும் கண்களுக்காக மூன்று ஓட்டை போட்டார். அச்சு மாதிரி அமைந்துவிட்டது. கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கூடவே அதைப் போல நாலைந்து வெட்டிக் கொடுத்தார்.

ராயகிரிக்காரி ஒன்றை உண்டியலில் போட்டுவிட்டுப் போனாள். மீந்ததை மருமகள் தட்டில் அடுக்கினாள். எந்த வரிசை என்று என்னைக் கேட்டாள். போன் போகட்டும் என்றுதான் அவள் நேர்ந்தாள், அதனால் மேல் வரிசையில் தேளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அவள் வைத்ததோடு நிற்கவில்லை. ஒரு போட்டோ பிடித்து, ‘புது மாடல் வந்தாச்சு’ என்று எழுதித் தன் போனில் போட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான். அது யார் யார் கைக்கோ போய், சாயங்காலத்துக்குள் வேறு எழுத்தோடு அவளுக்கே திரும்பி வந்தது. கலிகாலக் கொடுமை என்றும், கோயிலைக் கேலி செய்யும் கூட்டம் என்றும் சிவப்பில் எழுதியிருந்தார்கள். எங்கள் கடை வாசல் படத்தில் நன்றாகத் தெரிந்தது. மருமகளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயது, வேட்டி சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் கல் வைத்த காப்பு. போனை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது உங்க கடைதான? அம்மன் சந்நிதியில செல்போனா? எங்க குரூப்புல எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காவ. நான் ராயகிரியிலேருந்து இதுக்குன்னே வாரேன். எவன் இதைச் செய்யச் சொன்னான்? பேரைச் சொல்லுங்க. நேரா கோயில் ஆபீசுல போய் எழுதிக் குடுத்துக் கடையை அடைக்க வைப்பேன்.”

ராயகிரி என்றதும் கையிலிருந்த உப்பு சிந்திவிட்டது. காப்பைப் பார்த்தேன். ராயகிரிக்காரி சொன்ன அதே காப்பு. கடையை நினைத்து நான் பயப்பட்டது கொஞ்சம்தான். இவருக்கு விஷயம் தெரிந்தால் அந்தப் பிள்ளை திருநெல்வேலிக்குப் போக முடியாது. சேர வேண்டிய நாளுக்குப் பத்து நாள்கூட இல்லை.

“வீடியோ எடுத்துப் போடுதேன் பாருங்க” என்று போனைத் தூக்கினார். அது அணைந்துவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். அவர் அதைத் தட்டினார், உதறினார். பிறகு குரலே வேறாகிவிட்டது.

“சார்ஜர் இருக்குமா?”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். பிறகு வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே இருந்த பிளக்கில் மாட்டினாள். “உக்காருங்க அண்ணாச்சி, ஏற நேரமாகும்” என்றாள். அவர் கடை ஓரத்தில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வேட்டி நுனியைத் திருகினார், தேங்காயைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் இருந்த பேப்பர்த் துண்டை எடுத்து, நான் மடிப்பதைப் பார்த்துத் தானும் மடிக்க ஆரம்பித்தார். நாற்று முடிச்சுக் கட்டிப் பழகிய கை. என்னைவிட அழகாக மடித்தது. பத்து, இருபது பொட்டலம் ஆன பிறகு தட்டைக் காட்டிக் கேட்டார்.

“இதை ஏன் தேளுக்குப் பக்கத்துல வச்சிருக்கிய?”

மருமகள் வெளியே வாடிக்கையோடு நின்றாள். நான்தான் பதில் சொல்ல வேண்டும். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாய் திறந்துவிட்டது.

“எங்கன வைக்கணும்னு எனக்குத் தெரியல தம்பி. போக வேண்டியது மேல, இருக்க வேண்டியது கீழ. நீங்களே பார்த்து வைங்க.”

அவர் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மூன்று ஓட்டையையும் விரலால் தடவினார். பிறகு கீழ் வரிசையில் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் வைத்தார்.

“இது விஷம் இல்லம்மா. கிணறு வத்துன வருஷம் என்கூடப் பேச ஆள் கிடையாது. பொஞ்சாதி கூலிக்குப் போயிருவா, மக பள்ளிக்கூடம் போயிருவா. இதுதான் எங்கூடப் பேசிச்சு. இப்போ மகளும் போறேங்கா. அங்கன ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? தினமும் இதுல அதைத்தான காட்டுதான்.”

அவர் சட்டமெல்லாம் எதிலிருந்து முளைத்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சுக்காரர் புதிதாக ஒரு பயத்தையும் உண்டாக்கவில்லை. இவரிடம் இருந்த பயத்துக்குத்தான் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

போனுக்கு உயிர் வந்து தானாகக் கத்தியது. உள்ளே வந்த மருமகள் எட்டிப் பார்த்தாள், அதே பேச்சுக்காரரின் அறிவிப்பு. இவர் வாங்குவதற்குள் உரக்க வாசித்துவிட்டாள். வருகிற ஆடி வெள்ளியில் அவர் புதிதாக ஒரு ஆப் தொடங்குகிறாராம். ஆடிச் சலுகையாம். முதலில் சேருகிறவர்களுக்கு ஒரு காப்பு இலவசமாம்.

“ஏன் அண்ணாச்சி, ஆடியில எதையும் தொடங்கப்பிடாதுன்னு சொல்லுதது இவருதான?”

“அது... ஆப்பு வேற, மத்தது வேற.”

“அப்போ ஆப்புக்கு ஆடி கிடையாதாக்கும்!”

அவர் போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார். முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்து, “ஆடியிலதான தம்பி விதைக்கோம்” என்றேன்.

சட்டென்று என்னைப் பார்த்தார். “எம் பொஞ்சாதியும் இதே பேச்சைத்தான் பேசுதா.”

தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். தொட்டியில் விழுந்த பொஞ்சாதியின் போனும் அவருக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. நான் தலையைக் குனிந்து பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போகும்போது, “அதுல ஒண்ணு குடுங்க” என்றார். கீழ் வரிசையில் தான் வைத்த அதே தகட்டைக் காட்டினார். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். போகட்டும் என்றா, இருக்கட்டும் என்றா, எந்த எண்ணத்தில் வாங்கினார் என்று எங்களுக்குத் தெரியாது. கோயிலுக்குள் போனதை மட்டும் பார்த்தோம். ஆபீஸ் பக்கம் போகவில்லை.

தபசு முடிந்து மூன்றாம் நாள் காலையில் ராயகிரியிலிருந்து மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். அவர் தலையில் டிரங்குப் பெட்டி. சட்டைப்பையில் போன் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. பிள்ளை ஒல்லியாக, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு நின்றது. தேங்காய் வாங்கினார்கள். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார், திருநெல்வேலி பஸ் எத்தனை மணிக்கு என்று. அந்த நேரத்தில் ராயகிரிக்காரி என் காதருகே குனிந்தாள்.

“அம்மா பாதி கேட்டுட்டா ஆச்சி. போன் போகலை. பிள்ளை போறா.”

“அது போதும்ல தாயி” என்றேன்.

அந்தச் சிவப்பு எழுத்துக்காரர்கள் ஒரு வாரத்தில் எங்களை மறந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொதிக்க வேறொன்று கிடைத்துவிட்டது. தகடு மட்டும் இன்னும் போகிறது. ஒருத்தன் தன் வீடியோவை நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்று வாங்கினான். கடையநல்லூர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு முஸ்லிம் அம்மா தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எம் மவன் துபாய்லேருந்து தெனமும் பேசுதது இதுலதான், இதை மட்டும் தேளோட சேர்த்துராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் இப்போது இரண்டு வரிசைக்கும் நடுவில், ஒரு தீப்பெட்டி மூடியில் தனியாக வைத்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் மேலேயா கீழேயா என்று அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அந்தத் தட்டைத் துடைத்து அடுக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துதான் இருக்கிறது.

இந்தத் தாள்களை, லீவுக்கு வரும்போது கடைக்கு எட்டிப் பார்க்கும் அந்தப் பிள்ளையிடம்தான் கொடுக்கப் போகிறேன். தாயி, நீ படித்தவள், சரிபார்த்துக் கொடு. உன் அம்மா முதலில் வந்தது கொடியேறி இரண்டாம் நாளா மூன்றாம் நாளா, போன் விழுந்தது தொட்டியிலா வாளியிலா, அன்றைக்கு நீங்கள் ஏறியது எந்த பஸ் என்று கேட்டு எழுது. உன் அப்பாவும் அம்மாவும் தனித்தனியாகத் தகடு போட்டது ஒருத்தருக்கொருத்தர் இன்னும் தெரியாது என்றால், அந்த இடத்தை மட்டும் மை போட்டு அடித்துவிடு.